பிறப்பிடம் புங்குடுதீவு

லண்டனில் இருக்கும் நம்மவர்களின் கைத்தொலைபேசிகளில் நாள்தோறும் வந்து விழும் மரண அறிவித்தல்களை நான் ஒருவகை வரலாற்று ஆவணமாக வாசித்து வருகிறேன். அவற்றின் முதல் வாக்கியம் எப்போதும் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். யாழ். புங்குடுதீவு இத்தனையாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், கொழும்பை முன்னாள் வதிவிடமாகவும், லண்டனைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளில் காலமானார் என்று போகும். அதன் பின் பெற்றோர், சகோதரர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு இருக்கும். அடியில் தொடர்புக்கான இலக்கங்கள்: பிரித்தானியா, கனடா, சுவிஸ், பிரான்ஸ். இலங்கை இலக்கம் சிலவேளை இருக்கும், சிலவேளை இராது.

வட்டாரத்தின் எண்ணைக்கூட விடாமல் எழுதும் இந்த வழக்கம் வேறெந்தச் சமூகத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அரை நூற்றாண்டாக மிதிக்காத ஒரு மண்ணின் வட்டார எண்ணை ஈஸ்ற் ஹாமிலோ வெம்பிளியிலோ இறந்த ஒருவருக்காக அச்சிடுகிறோம். பிறப்பிடம், முன்னாள் வதிவிடம், தற்போதைய வதிவிடம் என்ற மூன்று சொற்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஊர் எந்த வழியால் வெறுமையானது என்பது விளங்கத் தொடங்கும். நான் அந்த ஊரவன் அல்லன். ஆனால் ஆளற்றுப்போன ஊர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புங்குடுதீவுதான். அதற்கு இலக்கியமும் ஒரு காரணம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு நடுவே நீளும் தாம்போதியால் போனால் புங்குடுதீவு வரும். அந்தத் தாம்போதியை ஊரார் வாணர் பாலம் என்பார்கள். தீவின் மறுகோடியில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவு நாகபூசணி அம்மனைக் காணப் போகும் சைவர்களும், அதே தீவிலுள்ள நாகதீப விகாரைக்குப் போகும் பௌத்தர்களும், நெடுந்தீவுக்குப் போகிறவர்களும் இங்கேதான் படகு ஏறவேண்டும். ஆகவே புங்குடுதீவைக் கடந்து போனவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். அங்கே இறங்கி நின்றவர்கள் சொற்பம். பஸ் யன்னலால் பார்த்தால் பனைகள், இடிந்த மதில்கள், புதிதாக வர்ணம் பூசிய கோபுரங்கள், மறுபடியும் பனைகள். இறுப்பிட்டி, மடத்துவெளி, ஊரதீவு, பெருங்காடு, வல்லன் என்று குறிச்சிகளின் பெயர்கள் இனிமையானவை. ஒல்லாந்தர் இந்தத் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் மிடல்பேர்க் என்று பெயர் வைத்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் ஒட்டிக்கொண்டது, மிடல்பேர்க் ஒட்டவில்லை. புங்கமரத்தால் வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது நிலைத்துவிட்டது.

ஊரின் அடிப்படைக் குறை தண்ணீர். மழை பெய்தால் வயல், பெய்யாவிட்டால் வெளி. கிணறுகளில் பல உவர். நன்னீர்க் கிணறு எங்கே இருக்கிறது, அதில் யார் அள்ளலாம் என்பதுதான் அங்கே வாழ்க்கையைத் தீர்மானித்தது. மண்ணும் தண்ணீரும் இப்படி இருக்க, ஆண்கள் வெளியே போய் உழைப்பது பழைய வழக்கமாயிற்று. சிலர் மலாயாவுக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் தெற்கே போனார்கள். கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறு பட்டினங்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தீவுப்பகுதியார் பற்றி நம் பழைய சிறுகதைகளில் நிறையவே வரும். கடையில் வேலைக்கு நின்ற பெடியன் பின்னாளில் முதலாளியாகி ஊரில் கல்வீடு கட்டுவான். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ திருவிழாவுக்கு வருவான். மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன், மாடு, காணி எல்லாம் ஊரிலேயே இருக்கும்.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. மசிடோனியாவில் இதற்கென்றே பெச்சல்பா என்று ஒரு சொல் உண்டு. மலைக்கிராமத்து ஆண்கள் கொத்து வேலைக்கும் பேக்கரி வேலைக்கும் அயல்நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்புவதும், வீடு அவர்களுக்காகக் காத்திருப்பதும்தான் பெச்சல்பா. அப்படிப் போகிறவர்களைப் பற்றி அன்ரன் பானோவ் 1930களில் எழுதிய ‘பெச்சல்பாரி’ நாடகம் அந்த மொழியில் பேர்பெற்ற ஒன்று. அந்நாட்டின் தென்பகுதியில் மாரியோவோ என்றொரு மலைப்பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள கிராமங்களில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள், சிலவற்றில் அதுவுமில்லை. கல்வீடுகளும் தேவாலயங்களும் மட்டும் நிற்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டிய விடயம் இது: பெச்சல்பா நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் அந்தக் கிராமங்கள் உயிரோடுதான் இருந்தன. ஆண்கள் போனதால் ஊர் அழியவில்லை. குடும்பத்தோடு நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கிய பிறகுதான் அழிந்தது.

புங்குடுதீவிலும் அப்படித்தான். ஆனால் நமது கதையில் ஒரு கூடுதல் முடிச்சு இருக்கிறது. அது சீதனம்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை, ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. இன்றுவரை பல திருத்தங்களோடு அது சட்டமாக இருக்கிறது. அதன்படியும் வழக்கத்தின்படியும் வீடு பொதுவாக மகளுக்குத்தான் போகும். மகன் கலியாணம் செய்து வேறு வளவுக்குப் போவான். மருமகன் இந்த வளவுக்கு வருவான். எனவே வீட்டின் உண்மையான தொடர்ச்சி பெண்வழியாகவே இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர் எத்தனை வருடம் ஊரில் இல்லாவிட்டாலும், வீட்டுக்குரியவள் அங்கே இருந்தாள். விளக்கு எரிந்தது, முற்றம் கூட்டப்பட்டது, கிணறு இறைக்கப்பட்டது. ஆண்கள் நூறு வருடம் போய்வந்தும் புங்குடுதீவு வெறுமையாகாததன் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1958, 1977, 1983 என்று மூன்று இனக்கலவரங்கள். ஒவ்வொன்றிலும் தெற்கே கடைகள் எரிந்தன. கடைக்காரர்கள் எஞ்சிய உயிரோடு ஊருக்குத் திரும்பினார்கள். ஆகவே 1983 யூலைக்குப் பின் சிறிது காலம் ஊரில் சனம் கூடியது என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனால் திரும்பி வந்தவர்களுக்கு அங்கே தொழில் இல்லை. தண்ணீர் குறைந்த அந்த மண் அத்தனை பேரையும் தாங்காது. தெற்கு வழி அடைபட்டதும் அடுத்த வழி வெளிநாடு. 1980களின் முற்பகுதியில் கிழக்கு பேர்லினுக்கு விமானமேறி அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் இறங்கிய பெடியன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பாரிசுக்கும் சுவிஸுக்கும் பரவினார்கள். லண்டனுக்கு வருவதும் அக்காலத்தில் சற்று இலகு. 1985இல் இலங்கையருக்குப் பிரித்தானியா விசா கட்டாயமாக்கியதோடு அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்கு அப்படி விதித்தது அதுவே முதல் தடவை என்பது குறிப்பிடத்தக்கது.

வெளிநாடு போன பெடியனுக்குக் கலியாணப் பேச்சு ஊரில்தான் நடந்தது. பெண் பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ அனுப்பப்பட்டாள். சீதன உறுதி வழக்கம்போல அவள் பெயரில் எழுதப்பட்டது. மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை வரவில்லை, வீட்டுக்காரியும் போய்விட்டாள். தாய் தகப்பன் கொஞ்சக்காலம் வீட்டைப் பார்த்தார்கள். பின்பு பேரப்பிள்ளையைப் பார்க்க அவர்களும் அழைக்கப்பட்டார்கள். ஒரு வீடு பூட்டப்படுவது இப்படித்தான்.

போர் செய்தது வேறு. பூட்டப்படாத வீடுகளையும் அது ஒரே மூச்சில் திறந்துபோட்டது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் தீவுப்பகுதி படையினரின் கவனத்துக்கு வந்தது. 1991இன் பிற்பகுதியில் தீவுகள் இராணுவத்தின் கைக்குப் போயின. சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குடாநாட்டுக்கு ஓடினார்கள். நடக்க இயலாத கிழடுகளும், எங்கே போவதென்று தெரியாதவர்களும் நின்றுவிட்டார்கள். குடாநாட்டுக்குப் போனவர்களுக்கும் அமைதி கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவர்கள் இரண்டாம் முறை அகதியானார்கள். மரண அறிவித்தல்களில் முன்னாள் வதிவிடமாகக் கிளிநொச்சியும் வவுனியாவும் வருவது இந்த வழியால்தான். அதே காலத்தில் தீவுகள் கடற்படையினதும் ஈபிடிபி அமைப்பினதும் பிடியில் இருந்தன. கூரை ஓடு, கதவு, நிலை என்று வீடுகள் கழற்றப்பட்டன. 2009 மேயில் போர் முடிந்தபோது திரும்பிப் போகக்கூடியவர்களுள் பெரும்பகுதியினர் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள்.

நாங்கள் வாழும் இந்த நாட்டிலும் வெறுமையான ஊர்கள் உண்டு. ஸ்கொற்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள சென்ற் கில்டா தீவில் எஞ்சியிருந்த 36 பேர் தங்களை வெளியேற்றும்படி தாங்களே அரசுக்கு மனுக் கொடுத்து, 1930 ஓகஸ்ட் 29இல் கப்பலேறினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்பார்கள். வில்ற்ஷயரில் இம்பர் என்ற கிராமத்தின் கதை நேர்மாறு. 1943 டிசெம்பரில் படைப் பயிற்சிக்கென்று ஊராரை வெளியேற்றினார்கள். போர் முடிந்தும் அவர்களைத் திரும்ப விடவில்லை. இன்றும் வருடத்தில் சில நாட்கள் மட்டும் வீதியைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு கோடை நாளில் லண்டனின் பழைய சிவப்பு பஸ்கள் அங்கே ஓடுகின்றன. ஆங்கிலேயர் குடும்பத்தோடு போய்ப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு வருகிறார்கள். தானாகப் போனது சென்ற் கில்டா, துரத்தப்பட்டது இம்பர் என்று இலகுவாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். புங்குடுதீவை அப்படிப் பிரிக்க முடியாது. போனவர்களிடம் கேட்டால் ஆமி வந்ததால் போனோம் என்பார்கள். அது உண்மை. ஆமி வராதிருந்தாலும் போயிருப்பார்களா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். அதுவும் உண்மைதான்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். ஆளற்ற ஊரைப் பற்றி ஈழத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கவிதைத் தொகுதி சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவழிக் கிராமம்’. 1995இல் வெளிவந்தது. வில்வரத்தினம் 1950இல் புங்குடுதீவில் பிறந்தவர். 2006 டிசெம்பரில் காலமானார். ஊர்விட்டு ஓடியவர்களைப் பற்றி அக்காலத்தில் பலரும் எழுதினார்கள். இவர் எழுதியது விடப்பட்ட ஊரைப் பற்றி. ஆட்கள் போனபின் முற்றத்துக்கும் கோவிலுக்கும் என்ன நடக்கிறது, வழக்கமாக வருகிற காற்று யாரைத் தேடுகிறது என்பதுதான் அவருடைய அக்கறை. ஊரே ஒரு கைவிடப்பட்ட மனிதரைப் போல அவரிடம் வருகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரை நினைத்து எழுதப்பட்ட கவிதைகளில் பெரும்பாலும் நினைக்கிறவரின் துயரம்தான் மையமாக இருக்கும். இந்தத் தொகுதி அதிலிருந்து விலகி நிற்கிறது. புலம்பெயர்ந்த வாசகர்கள் இதைத் தேடி வாசிக்கவேண்டும்.

வில்வரத்தினத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர் அதே ஊரைச் சேர்ந்த மு. தளையசிங்கம். ‘புதுயுகம் பிறக்கிறது’, ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’ ஆகியவற்றை எழுதியவர். அவரைப் பற்றிப் பேசும்போது மெய்முதல்வாதத்தையும் தத்துவத்தையும் மட்டும் பேசி நிறுத்திக்கொள்வது நமது இலக்கியவாதிகளின் வழக்கம். எனக்கு அவர் செய்த இன்னொரு காரியம் முக்கியமாகப் படுகிறது. 1971இல் கண்ணகை அம்மன் கோவிலடி நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகம் இருந்தார். பொலிஸார் அவரை அடித்துக் கைதுசெய்தார்கள். அதன்பின் உடல்நலம் குன்றி, 1973இல் 38 வயதுகூட நிறையாத நிலையில் இறந்தார்.

இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனில் நாங்கள் ‘எங்கட ஊர்’ என்று நெகிழும்போது எல்லோரும் ஒரே கிணற்றில் அள்ளிக் குடித்து வாழ்ந்ததுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. அப்படி ஓர் ஊர் அங்கே இருந்ததில்லை. உவர்க் கிணற்றுக்கும் நன்னீர்க் கிணற்றுக்கும் இடையிலான தூரம் பிறப்பால் அளக்கப்பட்டது. வெளியே போனதும் அந்த வரிசையில்தான். காணி ஈடுவைக்கக் கூடியவர்களும், முன்னமே வெளிநாட்டில் உறவினர் இருந்தவர்களும் முதலில் போனார்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் கடைசிவரை நின்றார்கள், அல்லது முகாம்களைச் சுற்றிவிட்டு முதலில் திரும்பினார்கள். ஆகவே இன்று ஊரில் குடியிருப்பவர்களில் பலருக்கு அந்த ஊரின் காணிகள் சொந்தமல்ல. காணிகள் சொந்தமானவர்கள் ஊரில் இல்லை. பக்கத்து வளவில் நல்ல கிணறு பாழ்பட்டுக் கிடக்க, பௌசரில் வரும் தண்ணீருக்கு வாளியோடு நிற்கும் நிலைமை இதனால் வருவதுதான். தளையசிங்கம் கேட்ட கேள்வி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு இப்போதும் அங்கே நிற்கிறது.

காணி விவகாரத்தை இன்னும் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேண்டும். லண்டனில் ஒரு கலியாண வீட்டிலோ அந்தியேட்டியிலோ நாலு புங்குடுதீவார் கூடினால் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். ஒரு பத்துப் பரப்பு வளவு என்று வைத்துக்கொள்வோம். உரியவர் இறந்தார், ஐந்து பிள்ளைகள். அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், மற்றவருக்கு நான்கு. இப்போது பத்துப் பேர் பங்காளிகள்; மூவருக்கு ஐந்திலொன்று, மற்றவர்களுக்குப் பதினைந்திலொன்றும் இருபதிலொன்றும். அவர்கள் ஐந்து நாடுகளில் இருக்கிறார்கள். இருவர் பேசிக்கொள்வதில்லை. ஒருவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. விற்பதானால் முதலில் கூட்டுப் பங்காளிக்குக் கேட்டுக் கொடுக்கவேண்டும் என்ற முன்னுரிமை தேசவழமையில் இருக்கிறது. 1947இன் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. பத்துப் பேரிடமும் அற்றோணித் தத்துவம் வாங்கி, தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பி முடிப்பதற்குள் பதினோராவது பங்காளி முளைத்துவிடுவார்.

இன்னொரு பக்கம், பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரியவரின் உரிமையை ஏற்காமல் ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்று 1871இன் ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. போரால் நீதிமன்றத்தை நாடமுடியாமற் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு விசேட ஏற்பாடு செய்தது. 1983 மேயிலிருந்து 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வழக்குப் போடுவதற்கான அவகாசம் குறுகியது, அது முடிந்தும்விட்டது. வெளிநாட்டில் இருந்த எத்தனை பேர் அப்படி ஒரு சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டார்கள்? சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. வாரிசுரிமையால் வருவதற்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்குண்டு. இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்ட ஒருவர் தன் சகோதரியின் பங்கை வாங்கிக் காணியை ஒன்றாக்க நினைத்தால் இந்தச் சட்டம் குறுக்கே வரும்.

இவ்வளவு சிக்கலும் இருக்க, ஊர்ச்சங்கங்கள் என்ன செய்கின்றன? நிறையவே செய்கின்றன. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சுவிஸ் என்று எல்லா இடங்களிலும் சங்கங்கள் உள்ளன. கோடையில் ஒன்றுகூடல், குளிர்காலத்தில் இராப்போசனம், கலைநிகழ்ச்சி, மலர் வெளியீடு. பாடசாலைக்குக் கணினி, மாணவருக்குத் துவிச்சக்கர வண்டி, முதியோருக்கு மாதக் கொடுப்பனவு. குறை சொல்வதற்கில்லை, லண்டனில் இரட்டை வேலை செய்து கொடுத்த காசு. ஆனால் அதிகம் செலவாவது கோவில்களுக்கு. கோபுரம் எழுகிறது, தேர் செய்யப்படுகிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை விட்டதும் விமானம் ஏறிப் போகிறார்கள். பத்து நாள் ஊர் நிறைகிறது. பதினோராம் நாள் ஐயரும் மாலைப்பூசைக்கு வரும் நாலைந்து கிழவிகளும். ஈஸ்ற் ஹாமில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “ஊரிலை ஆர் இருக்கினம் தம்பி, சாமிதான் இருக்கிறார். இருக்கிற ஆளுக்குத்தானே செய்யலாம்,” என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஊரில் மனிதர்களும் இருக்கிறார்களே என்று நான் சொன்னதற்கு, “ஓம், இருக்கினம், ஆனால் எங்கட ஆக்கள் இல்லை,” என்றார். அதில் நகைச்சுவை இருக்கவில்லை.

வெறுமை என்பது துயரம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2015 மே மாதத்தில் காலையில் பாடசாலைக்குப் போன ஒரு மாணவி வீடு திரும்பவில்லை. பற்றை மண்டிய ஆளற்ற பகுதியில், பாழடைந்த வீடொன்றின் பக்கத்தில் அவளது உடல் கிடந்தது. நாடு முழுவதும் கொதித்தது. 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாண மேல்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஒருவர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்துபோனவர். குற்றத்தின் காரணம் குற்றவாளிகளே, வெறும் வீடுகளல்ல. ஆனால் சனம் நிறைந்திருந்த காலத்தில் ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கிழவி படலையடியில் நின்று, யாருடைய பிள்ளை, ஏன் பிந்திவிட்டாய் என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்விகளுக்கு அந்தக் காலத்தில் பிள்ளைகள் எரிச்சல்பட்டார்கள். இப்போது அந்த ஒழுங்கைகளில் கேட்க ஆளில்லை.

திரும்பிப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவரவில்லை. லண்டனில் இருந்துகொண்டு அதை எழுதுவதைப் போல அபத்தம் வேறில்லை. பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். சில அறிவித்தல்களில் லண்டனைப் பிறப்பிடமாகவும் என்றே தொடங்குகிறார்கள். ஆனால் பூட்டிக் கிடக்கும் வளவை ஊரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு எழுத்துமூலக் குத்தகைக்குக் கொடுப்பது கடினமான காரியமல்ல. ஒப்பந்தம் இருந்தால் குடியிருப்பவர் உரியவரின் அனுமதியோடு இருக்கிறார் என்பது பதிவாகிறது. ஆகவே ஆட்சி உரிமை கோருவார் என்ற பயத்துக்கு இடம் குறைவு. கிணறு இறைபடும், பற்றை வெட்டுப்படும், படலையடியில் ஆள் நிற்கும். ஒருசிலர் இப்படிச் செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. காரணம் கேட்டால் சட்டத்தைச் சொல்வார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் இருக்கும் தயக்கத்தைச் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் செய்யலாம், இதற்குக் காசும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலிருந்து தொடரும் வழக்கம் இது. உறுதியின் முதற்பக்கத்தில் இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு என்று எழுதி, கிழக்கே யாருடையது, வடக்கே எந்த ஒழுங்கை, மேற்கே எவரின் பங்கு, தெற்கே எந்தக் கோவில் வீதி என்று எல்லை சொல்லியிருக்கும். அயலவர் பெயர்கள், கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் அதில் வரும். ஊரின் மிக நுணுக்கமான வரைபடம் அதுதான். அந்த உறுதிகள் இன்று ஊரில் இல்லை. ஓடிய ஓட்டத்தில் நகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுவரப்பட்டவை அவை. வெம்பிளியிலும் ஈஸ்ற் ஹாமிலும் குறைடனிலும் அலுமாரிகளின் மேற்தட்டில், பிளாஸ்ரிக் பைகளுக்குள் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நமது ஊர்மலர்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவாக்கிப் பாதுகாத்து வருகிறது. உறுதியை யாரும் பொதுவில் போடத் தேவையில்லை. காணியின் பெயரையும் நாலு எல்லைகளையும் ஒரு தாளில் பிரதியெடுத்தாலே போதும். கடையில் பெடியனாக நின்று வீடு கட்டியவரின் பேத்திக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டக்கூடிய தாய்மார் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.